போர் விமானியின் வேலையும் பயிற்சியும்: பங்கரில் பதுங்கி வளர்ந்த ஒருவரின் பதில்

கிளிநொச்சியில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "போர் விமானி உண்மையில் என்ன வேலை செய்கிறார்? அவரை எப்படிப் பழக்குகிறார்கள்? எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவர் அப்படி ஆகலாமா? அம்மாவிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்."

தம்பி, அம்மா ஏன் பேச்சை மாற்றுகிறார் என்பதில் இருந்தே தொடங்குகிறேன். நான் விசுவமடுவில் வளர்ந்தவன். எங்கள் வீட்டுப் பின்வளவில் பனங்குற்றி அடுக்கி மேலே மண்மூட்டை போட்ட எல் வடிவப் பங்கர் ஒன்று இருந்தது. வாசலில் விழும் குண்டின் சிதறல் நேராக உள்ளே வராமல் இருக்கத்தான் அந்த வளைவு. ஜெட் என்றால் எங்களுக்கு எல்லாமே கிபிர்தான். மிக்-27 வந்தாலும் "கிபிர் வருது" என்றுதான் கத்துவோம். இஸ்ரேலில் செய்த கிபிர் விமானம் 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்தது. எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று பொருள். அந்தப் பெயரின் அர்த்தம் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் வானூர்திப் பொறியியல் படித்து, பயணிகள் விமானங்களைப் பராமரிக்கும் வேலைக்கு வந்துவிட்டேன். என்னோடு வேலை செய்தவர்களில் வெவ்வேறு நாடுகளின் விமானப்படைகளில் போர் விமானம் ஓட்டியவர்கள் சிலர் இருந்தார்கள். கீழே இருந்து நான் அறிந்ததை, மேலே இருந்து அவர்கள் அறிந்ததோடு நெடுநாள் பொருத்திப் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீங்கள் கணிதப் பிரிவு என்பதால் முதலில் ஒரு கணக்கு. தாக்க வரும் ஜெட் ஏறத்தாழ மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அதாவது செக்கனுக்கு 250 மீட்டர். ஒலி செக்கனுக்கு 340 மீட்டர் போகும். விமானம் உங்களிடம் இருந்து 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும்போது எழுந்த ஒலி உங்கள் காதுக்கு வர 15 செக்கன் எடுக்கும். அந்த 15 செக்கனில் விமானம் 3.7 கிலோமீட்டர் நெருங்கிவிடும். நீங்கள் சத்தம் கேட்டு நிமிரும்போது மிச்சம் இருப்பது 1.3 கிலோமீட்டர், அதாவது ஐந்து செக்கன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பங்கர் வாசலுக்கு ஓட உங்கள் அம்மாவுக்கு இருந்த நேரம் அவ்வளவுதான். கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தில் இருந்து கிளிநொச்சி நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். இதே வேகத்தில் அது 17 நிமிடப் பயணம். வானம் வெளித்திருந்த காலையில் வேலியோரம் நின்று கதைத்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு, விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிவிட்டது என்று சொல்ல யாரும் இருக்கவில்லை.

சரி, இப்போது மேலே இருப்பவரின் வேலைக்கு வருவோம்.

போர் விமானி என்றதும் சினிமாவில் வருவதுபோல இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று துரத்துவதுதான் பலருக்கும் நினைவு வரும். அது வேலையில் ஒரு பகுதி. தன் நாட்டு வானத்துக்குள் வரும் அந்நிய விமானத்தை மறிப்பது, எதிரி விமானங்களை அகற்றித் தரைப்படைக்கு வானத்தைப் பாதுகாப்பது, முன்னரங்கில் நிற்கும் சொந்தப் படைக்கு உதவியாகக் குண்டு போடுவது, பின்னால் உள்ள பாலத்தையும் கிடங்கையும் தாக்குவது, படம் எடுத்து வருவது என்று பல வேலைகள் உண்டு. வேலைக்கு ஏற்ற விமானமும் வேறு. மிக்-27 தரையைத் தாக்கவென்றே செய்தது. சீனாவில் இருந்து வாங்கிய எஃப்-7 வானத்தில் மறிக்கச் செய்தது. கிபிர் இரண்டையும் செய்யக்கூடியது, ஆனால் வன்னி கண்டது அதன் குண்டு போடும் முகத்தை மட்டும்தான்.

மறிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2007 மார்ச் 26ஆம் திகதி, நள்ளிரவு கடந்ததும், புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா தளத்தில் குண்டு போட்டன. அவை செக் நாட்டில் செய்த ஸ்லின்-143 ரக விமானங்கள். நான்கு பேர் உட்காரும் பயிற்சி விமானம், உந்துவிசிறி வைத்தது, மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில்தான் பறக்கும். ஒலியின் இரண்டு மடங்கு வேகத்தில் போகக்கூடிய ஜெட்டுக்கு இதைப் பிடிப்பது எளிது என்று நினைப்போம். ஆனால் அந்த ஜெட்டுகள் தரையிறங்கும் வேகமே ஏறத்தாழ 300. அதற்கும் மெதுவாகப் போகும் ஒன்றின் பின்னால் ஜெட்டை வைத்திருக்க முடியாது, தாண்டிப் போய்விடும். சிறிய எஞ்சின் என்பதால் வெப்பம் குறைவு, வெப்பத்தைத் தேடும் ஏவுகணைக்கு எளிதில் பிடி கிடைக்காது. இரவில், காட்டுக்கு மேல் தாழப் பறந்தால் றேடாரிலும் தரையோடு கலந்துவிடும். இரணைமடுவுக்குக் கிழக்கே அந்த விமானங்கள் ஏறி இறங்கிய ஓடுபாதைப் பக்கத்தில் இன்று விமானப்படைத் தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

பயிற்சி எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில்தான் போகும். இலங்கையில் பயிலிளவல் அதிகாரிகள் தியத்தலாவையில் படைப் பயிற்சி பெறுவார்கள், பறக்கக் கற்பது திருகோணமலை சீனன்குடாவில். முதலில் பி.ரி-6 என்ற சீனத்து உந்துவிசிறி விமானம், அப்புறம் கே-8 என்ற பயிற்சி ஜெட். இந்தியாவில் ஐதராபாத் அருகே துண்டிகல், பிறகு பீதரில் ஹோக் ஜெட். பயிற்றுநர்களுக்கே பறக்கக் கற்பிப்பதைச் சொல்லிக் கொடுக்கும் இந்தியப் பள்ளி எங்கே இருக்கிறது தெரியுமா? சென்னை தாம்பரத்தில். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் கழிவார்கள். சிலர் போக்குவரத்து விமானத்துக்கும் சிலர் ஹெலிகொப்டருக்கும் போவார்கள், ஜெட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சப் பேர். முதல் நாளில் இருந்து போர் அணியில் முழுத் தகுதி பெறும்வரை பல வருடங்கள் ஆகும்.

வகுப்பறைப் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்றியக்கவியல், வானிலை, எஞ்சின், வழிகாணல். உயர்தரப் பௌதிகம் நன்றாகப் படித்தவருக்கு அதில் பாதி தெரிந்தது. ஆனால் அவசர நடைமுறைகள் மட்டும் வாய்பாடு மாதிரி மனப்பாடமாக வேண்டும். எஞ்சின் நின்றால் முதல் செய்வது என்ன, இரண்டாவது என்ன என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் வர வேண்டும். வருங்கால விமானிகள் மாலையில் ஒரு கதிரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இல்லாத நெம்புகோலைக் கையால் தள்ளி, நாளைய பறப்பை முழுதாக மனதில் ஓட்டிப் பார்ப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வினோதமாக இருக்கும். இதைச் செய்யாமல் தேறியவரை நான் சந்திக்கவில்லை.

பத்துப் பதினைந்து மணி நேரம் பறந்த பிறகு ஒருநாள் பயிற்றுநர் இறங்கிவிடுவார், மாணவர் தனியே ஏறுவார். எந்த விமானியைக் கேட்டாலும் அந்த நாளின் காற்றுத் திசை வரைக்கும் சொல்வார். அதன் பிறகு வருவது காதோடு நடக்கும் சண்டை. எங்கள் உட்காதில் சமநிலை உணரும் அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன அல்லவா, அவை முகிலுக்குள் பொய் சொல்லும். மெதுவாக ஒரு பக்கம் சாயும் விமானத்தில் இருப்பவருக்கு நேராகப் போவதாகவே தோன்றும். நேராக்கினால் மறுபக்கம் சாய்வதாகத் தோன்றும். உடம்பு சொல்வதை விட்டுவிட்டு முன்னால் உள்ள கருவியை நம்பப் பழகுவதற்குள் பலர் களைத்துப்போவார்கள். எல்லாம் ஒரேயடியாகக் குழம்பினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு: முதலில் விமானத்தைப் பறத்து, அப்புறம் வழியைப் பார், கடைசியில் வானொலியில் பேசு.

ஜெட்டுக்கு வந்ததும் உடம்பே பாடமாகிவிடும். செக்கனுக்கு 250 மீட்டரில் போகும் விமானம் 1 கிலோமீட்டர் ஆரையில் திரும்பினால் மையநாட்ட ஆர்முடுகல் எவ்வளவு? வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுங்கள். 62.5 வரும். அது புவியீர்ப்பு ஆர்முடுகலின் ஆறு மடங்குக்கு மேல். நவீன விமானங்கள் 9 மடங்கு வரை போகும். அந்த நேரத்தில் 60 கிலோ ஆள் 540 கிலோ. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு ஏழு கிலோ என்றால், கழுத்து தாங்குவது ஒரு முழு மனிதரின் பாரம். அந்தக் கழுத்தைத் திருப்பித்தான் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இரத்தம் காலை நோக்கி இறங்கும். முதலில் நிறம் மங்கும், பிறகு பார்வை ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல ஒடுங்கும், பிறகு இருட்டு, பிறகு நினைவு போய்விடும். மூளையில் மிஞ்சியிருக்கும் ஒட்சிசன் நாலைந்து செக்கனுக்குத்தான் போதும். நினைவு திரும்பிய பிறகும் சில செக்கன்களுக்குத் தான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாது. இதைத் தாங்க, கால்களையும் வயிற்றையும் காற்றால் இறுக்கும் ஆடை உண்டு. ஆனால் ஆடை மட்டும் போதாது. தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் இறுக்கி, மூச்சை அடக்கி, மூன்று செக்கனுக்கு ஒருமுறை சட்டென்று மூச்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெங்களூரில் உள்ள வான்வெளி மருத்துவ நிலையத்தில் இதற்கென்று ஒரு எந்திரம் இருக்கிறது. நீண்ட கையின் முனையில் ஒரு கூண்டு, அதில் ஆளை உட்காரவைத்துச் சுற்றுவார்கள். அப்படிச் சுற்றி இறங்கியவர்களின் முதுகிலும் கையிலும் சிறு இரத்தப் புள்ளிகள் தெரியும். ஒரு நண்பர் தன்னுடையதைப் படம் எடுத்து வைத்திருந்தார். முள்ளுப் பற்றைக்குள் விழுந்து எழும்பியவர் மாதிரி இருந்தது.

காற்றழுத்தம் குறைத்த அறைக்குள் உட்காரவைத்து, ஒட்சிசன் முகமூடியைக் கழற்றிவிட்டு, சாதாரணக் கழித்தல் கணக்கு செய்யச் சொல்வதும் உண்டு. 25,000 அடி உயரத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் புத்தி ஓடும். 40,000 அடியில் 15, 20 செக்கன்தான். மயக்கம் வரும்போது பயம் வராதாம், சந்தோஷம்தான் வருமாம். ஒவ்வொருவருக்கும் முதல் அறிகுறி வேறு. ஒருவருக்கு விரல் நுனி விறைக்கும், ஒருவருக்கு முகம் சூடாகும். தன் அறிகுறி எது என்று அறிந்துகொள்வதுதான் அந்தப் பயிற்சி. அப்புறம், விமானத்தை விட்டு வெளியே பாயும் எஜெக்‌ஷன் இருக்கை. மார்ட்டின்-பேக்கர் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் இருக்கைகள் மட்டும் இதுவரை 7,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. உயிர் பிழைத்தாலும் முதுகெலும்பு நசுங்கிச் சிலருக்குத் திரும்பப் பறக்கவே முடியாமல் போகும்.

நாங்கள் கீழே இருந்து பார்த்ததில் எப்போதும் இரண்டு விமானம் இருக்கும், கவனித்திருப்பார்கள் உங்கள் பெரியவர்கள். ஒன்று பதிந்து குத்தும், அதாவது மூக்கைச் சாய்த்துக் கீழே பாய்ந்து குண்டு போடும், மற்றது மேலே சுற்றும். உலகம் முழுவதும் அப்படித்தான். போர் விமானி தனியே பறப்பதில்லை. முன்னால் தலைமை விமானி, பக்கத்தில் விங்மேன். இளையவர் பல மாதங்கள் விங்மேனாகவே பறப்பார். அவருடைய வேலை, தலைவரை இழக்காமல் கூடவே போவது, அவருக்குப் பின்னால் உள்ள வானத்தைப் பார்ப்பது, எரிபொருளைக் கவனிப்பது. உந்துவிசையைக் கூட்ட எஞ்சினின் பின்பக்கத்தில் மேலதிக எரிபொருளை எரிப்பதுதான் பின்னெரிப்பான். கிபிரின் எஞ்சின் அதைப் போட்டால் நிமிடத்துக்கு 200 கிலோவுக்கு மேல் குடிக்கும். தொடர்ந்து போட்டால் உள்தொட்டி கால் மணி நேரத்துக்குக்கூட வராது. குத்திவிட்டு மேலே எழும்பும்போது காதைப் பிளந்த அந்த முழக்கத்தில் பெரும்பங்கு இந்தப் பின்னெரிப்புத்தான்.

ஒரு மணி நேரப் பறப்புக்கு முன்னால் பல மணி நேரத் திட்டமிடலும், பின்னால் அதைவிட நீண்ட பரிசீலனையும் உண்டு. நல்ல படைகளில் அந்தப் பரிசீலனை அறைக்குள் பதவி பார்ப்பதில்லை. இளையவர் மூத்தவரின் பிழையைப் பெயர் சொல்லிச் சுட்டலாம், சுட்டத்தான் வேண்டும். இந்தத் தொழிலில் நான் மனதார மதிக்கும் பழக்கம் இது. பயணிகள் விமானத்துறையும் இதைப் பார்த்துத்தான் நிறையக் கற்றுக்கொண்டது. நேட்டோ நாடுகள் வருடத்துக்கு 180 மணி நேரப் பறப்பை இலக்காக வைத்திருக்கின்றன. அதற்குக் குறைந்தால் கை மறந்துவிடும் என்பது அவர்களின் அனுபவம்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம். குண்டு போடுவது ஒரு எறியக் கணக்கு. 3,000 மீட்டர் உயரத்தில் கிடையாகப் பறந்தபடி வழிகாட்டல் இல்லாத குண்டை விட்டால், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அது விழ 25 செக்கன் எடுக்கும். அதற்குள் முன்னோக்கி 6 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். முரசுமோட்டைக்குப் போட நினைத்தவர், அங்கே போய்ச் சேருமுன்பே குண்டை விட்டுவிட வேண்டும். அதனால்தான் பதிந்து குத்தினார்கள். மூக்கை இலக்குக்கு நேரே சாய்த்தால் பிழை குறையும். குறையுமே தவிர போகாது. விடும் பொத்தானை ஒரு செக்கன் பிந்தி அழுத்தினால் 250 மீட்டர் தவறும். எங்கள் ஊர்களில் சந்திக்கும் பாடசாலைக்கும் இடையில் அவ்வளவு தூரம்கூட இருக்காது. இன்றைய விமானங்களில் குண்டு எங்கே விழும் என்று கணினியே கண்முன் கண்ணாடியில் புள்ளி போட்டுக் காட்டும், லேசர் வழிகாட்டும் குண்டுகள் சில மீட்டருக்குள் விழும். கை நடுங்கும் பிழை அதனால் குறைந்தது.

இலக்கே பிழையென்றால் எந்தக் கணினியும் திருத்தாது. ஒரு சின்ன அளவு சொல்கிறேன். 10 மீட்டர் அகலமான வீட்டை 4 கிலோமீட்டரில் இருந்து பார்த்தால், கையை நீட்டிப் பிடித்த ஒரு கடுகின் அளவுதான் தெரியும். பாடசாலைக் கூரை ஓர் அரிசி. அந்தக் கூரையின் கீழே யார் இருக்கிறார்கள் என்று விமானியின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவருக்குத் தரப்பட்ட ஆள்கூறும், படமும், "இதுதான்" என்ற சொல்லும்தான் அவருடைய அறிவு. எங்கள் வானத்தில் கிபிருக்கு முன்பே "வண்டு" வரும், அந்த ஆளில்லா விமானம் மணிக்கணக்காக இரைந்துகொண்டு சுற்றும். அதன் படத்தைப் பார்த்து இலக்கைக் குறித்தவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

2006 ஓகஸ்ட் 14 காலை வள்ளிபுனத்தில் செஞ்சோலை சிறுவர் இல்ல வளாகத்தில் குண்டு விழுந்தபோது அங்கே பயிற்சிநெறி ஒன்றுக்காகத் தங்கியிருந்தவர்கள் பாடசாலை மாணவிகள். உங்களைப் போல உயர்தரம் படித்தவர்கள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்று அரசு சொன்னது. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு போய்ப் பார்த்துவிட்டு, படைத்தளம் என்பதற்கான சான்று எதையும் காணவில்லை என்றது. யுனிசெஃப் அவர்களை மாணவிகள் என்றே சொன்னது. இந்த இடத்தில் விமானிக்கும் ஒரு பொறுப்பு உண்டு, கட்டளையிட்டவருக்கும் உண்டு. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்த்த முதலாவது மேலதிக நெறிமுறையின் 57ஆம் உறுப்புரை சொல்வது இதுதான்: இலக்கு படைத்துறை சார்ந்ததல்ல என்று தெரியவந்தால், அல்லது பொதுமக்களுக்கு வரும் சேதம் மிதமிஞ்சியது என்று தெரியவந்தால், தாக்குதலைக் கைவிட வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். இலங்கை அந்த நெறிமுறையில் சேரவில்லை. ஆனாலும் இந்த விதி எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமாகவே கருதப்படுகிறது.

ஆகவே பதியும்போது நினைத்தது ஒன்று, கண்ணில் பட்டது வேறொன்று என்றால் குண்டோடு திரும்புவதும் பயிற்சியின் ஒரு பாடம். அதை எந்த விமானப்படை உண்மையாகச் சொல்லிக் கொடுக்கிறது, திரும்பி வந்தவரைத் தளத்தில் எப்படி நடத்துகிறது என்பதை வைத்துத்தான் நான் ஒரு விமானப்படையை எடைபோடுவேன். ஒருமுறை கூட வேலை செய்த ஒரு பழைய விமானியிடம், நான் பங்கருக்குள் இருந்து வளர்ந்தவன் என்று சொன்னேன். அவர் எங்கள் நாட்டுக்காரர் அல்ல, எங்கள் வானத்துக்கு வந்தவரும் அல்ல. வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கீழே கேட்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டார். இத்தனை வருடம் பறந்தும் அது தனக்குத் தெரியாது என்றார். அந்த ஐந்து செக்கன் கணக்கை அவருக்குக் கடதாசியில் போட்டுக் காட்டினேன்.

இப்போது, ஆகலாமா என்ற கேள்வி. சட்டப்படி தடை எதுவும் இல்லை, பயிலிளவல் விமானிகளுக்கான அறிவித்தல் பத்திரிகைகளில் வரும். இலங்கையில் போர் ஜெட்டுகள் மிகக் கொஞ்சம், பறக்கத் தேறுபவர்களில் பெரும்பாலானோர் ஹெலிகொப்டருக்கும் போக்குவரத்து விமானத்துக்கும்தான் போவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு யோசியுங்கள். ஆசைப்பட்டதற்காக உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. சின்ன வயதில் பங்கர் வாசலில் இருந்து எட்டிப் பார்த்து, பயத்தோடு சேர்த்து ஒருவித வியப்பும் எனக்கு வந்தது. அதைச் சொல்ல இத்தனை வருடம் ஆனது. ஆனால் அம்மாவின் சம்மதம் இல்லாமல் விண்ணப்பிக்க வேண்டாம். கிபிரைப் பற்றிக் கேட்டால் அவர் பேசமாட்டார். எங்கள் பங்கர் எங்கே இருந்தது, யார் வெட்டினது என்று கேட்டுப் பாருங்கள், பேசுவார்.

பறப்பதுதான் ஆசை என்றால் அதற்குப் போர் விமானம்தான் வேண்டும் என்றில்லை. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பயணிகள் விமானி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், பராமரிப்புப் பொறியியலாளர் என்று வழிகள் இருக்கின்றன. எதற்குப் போனாலும் ஆங்கிலம் வேண்டும், பௌதிகமும் இணைந்த கணிதமும் வேண்டும். அவற்றுக்கு முன்னால் கண்ணை ஒருமுறை சோதித்துவிடுங்கள், நிறம் பிரித்தறியும் சோதனையையும் சேர்த்து. நன்றாகப் படித்த பிள்ளைகள் விமானியாகும் கனவோடு போய், நிறக்குருடு என்று கடைசியில் தெரிந்து திரும்பியதைக் கண்டிருக்கிறேன். வட்டத்துக்குள் புள்ளிகளால் எழுதிய எண்ணை வாசிக்கும் சோதனை அது, கண் வைத்தியரிடம் ஐந்து நிமிட வேலை.